படிப்பகத்தில் படித்தவர்

துருக்கியில், ஜிலே ஊர்ச் சந்தைக்குப் பின்னால் இருந்த பெத்ரியின் காப்பிக் கடைக்குப் படிப்பகம் என்று பலகை மாட்டியிருந்தது. அங்கே படித்தவர் ஹுர்ஷித் ஒருவர்தான், மற்றவர்கள் கேட்டார்கள். பட்டாளத்தில் எழுத்துக் கற்றுக்கொண்டு வந்த லாடக்காரர் அவர். காலை பத்து மணிக்குப் பத்திரிகையைப் பிரித்தார் என்றால் கடையில் தேநீர்க் கரண்டிகூடச் சத்தம் போடாது. அங்காராவில் யார் நாற்காலி கவிழ்ந்தாலும் அந்தச் சேதி ஊருக்கு அவர் தொண்டை வழியாகத்தான் வரும். அதில் அவருக்குக் கர்வம் உண்டு. ஏன் இருக்கக் கூடாது?

பிறகு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள், பெரியவர்களும் எழுத்துக் கூட்டப் பழகினார்கள். இனி ஊரே படிக்கும் என்று ஹுர்ஷித் சந்தோஷப்பட்டார், பாவம். வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி வந்தது. விற்பனை படுத்துப்போன பத்திரிகைகள் தினம் ஒரு கூப்பன் அச்சடித்து, சேர்த்துக் கொடுத்தால் கலைக்களஞ்சியம் இலவசம் என்றன. பிடித்தது எங்கள் ஜனங்களுக்குப் பைத்தியம். வாங்கிய பத்திரிகையைப் படிக்காமல் கத்தரித்தார்கள்.

கடைப் பத்திரிகையும் முதலில் பெத்ரியின் மனைவி முனீரேயின் கத்தரிக்கோலுக்குத்தான் போகும். ஹுர்ஷித் கைக்கு வரும்போது அதில் ஜன்னல் வைத்திருக்கும். கூப்பனுக்குப் பின்பக்கச் செய்தியும் அதோடு போயிருக்கும்.

"சர்க்கரை ஆலை கிழங்கு எடுக்கப்போற நாள்..." ஒருநாள் ஹுர்ஷித் பாதியில் நிறுத்தினார்.

"என்னைக்குண்ணே?" என்றார் வயலில் சர்க்கரைக்கான பீட் கிழங்கு போட்டிருந்த சத்தில்மிஷ்.

"முனீரேகிட்டப் போய்க் கேளு. பத்திரமா கத்தரிச்சு வச்சிருக்கா."

"உங்களுக்குப் பொறாமைண்ணே," என்றான் பெத்ரி. "பதினாறு புஸ்தகம் வந்தாச்சு. கண்ணாடி அலமாரியில அடுக்கினா திரைச்சீலைக்கு என்ன பொருத்தம் தெரியுமா."

"ஒண்ணையாவது பிரிச்சியா?"

"உறையப் பிரிச்சா தூசி ஏறிடும்ணே."

அன்றிலிருந்து ஹுர்ஷித் ஓட்டைகளைச் சொந்தச் சரக்கால் அடைத்தார். முதலில் நியாயமாக, போகப்போகத் தாராளமாக. ஓர் அமைச்சரைக் கழுதையிலிருந்து விழவே வைத்தார். யாரும் சிரிக்கவில்லை, மறுக்கவும் இல்லை. அதுதான் அவரை உறுத்தியது. முன்பெல்லாம் மாலையில் மட்டும் நாலு பேராக ஆடிய ஓக்கே ஆட்டத்துக்கு இப்போது காலையிலேயே எண் வில்லைகளை அடுக்கிவிடுகிறார்கள். நம்மை நம்புகிறார்களா, இல்லை கேட்பதே இல்லையா? இது தெரியாமல் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, வழக்கமான குரலில், நிதானமாக வாசித்தார்.

"ஜிலே. முப்பது வருஷமாகக் காப்பிக் கடையில் பத்திரிகை வாசித்து வந்த லாடக்காரர் ஹுர்ஷித் நேற்றுக் காலமானார். நல்லடக்கம் இன்று மதியத் தொழுகைக்குப் பிறகு."

வில்லைகள் சடசடத்தன. சத்தில்மிஷ் தலை நிமிரவில்லை.

"அல்லா ரஹ்மத் செய்யட்டும்," என்று முணுமுணுத்தார். "உன் ஆட்டம்டா பெத்ரி. போடு."

ஹுர்ஷித்துக்கு அழுகை வரவில்லை, கோபம்கூட வரவில்லை. பத்திரிகையை மடித்து ஓரமாக வைத்தார். அப்புறம் எழுந்து அவர்கள் மேசைப் பக்கம் போனார்.

"மூணு பேர்தானே இருக்கீங்க. நான் உக்காரட்டுமா?"

சத்தில்மிஷ் சட்டென்று நிமிர்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு. நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார்.

"வாங்கண்ணே, வாங்க. இந்த ஒரு வார்த்தையக் கேக்கத்தானே இத்தனை வருஷமா காத்துக்கிட்டிருக்கோம்."