கண்ணாடிக்கு மேலே வைத்த விளக்கு

என் மருமகள் நான்கு மாதம் தன்னைக் குற்றவாளியாக நினைத்துக்கொண்டிருந்தாள். குற்றம் என்னுடையது. அது தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை.

மகன் கப்பலில் வேலை பார்க்கிறான். அவன் கடலில் இருக்கும் மாதங்களிலும் மருமகள் தூத்துக்குடியில் எங்களோடுதான் இருப்பாள். மாடி அறையில் கம்ப்யூட்டர் முன்னால் அவள் வேலை. விளாத்திகுளத்துப் பெண். கலியாணமாகி நான்கு வருடம். வீட்டில் இன்னும் குழந்தை இல்லை. போன முறை கப்பலேறுவதற்கு முன்னால் மகன் சென்னையிலிருந்து அவளுக்கு ஒரு ஓணான் குட்டி வாங்கி வந்தான். ஆஸ்திரேலியப் பாலைவனத்து இனம், கழுத்தைச் சுற்றித் தாடி மாதிரி முள். அவள் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டு அவளோடு சேர்ந்து கம்ப்யூட்டரைப் பார்க்கும்.

அதற்குக் கூடு செய்யும் வேலையை நானே கேட்டு வாங்கினேன். துறைமுகத்தில் கிரேன்களின் மின் பராமரிப்பில் முப்பத்தொரு வருடம் இருந்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு யாரும் என்னிடம் ஒரு சுவிட்சைக்கூடக் காட்டவில்லை. பழைய ஷோகேஸ் ஒன்றைப் படுக்க வைத்து, ஒரு முனையில் சூட்டுக்கு ஒரு பல்பு, நீளவாட்டில் புற ஊதா டியூப் என்று திட்டம் போட்டேன். என் மனைவி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "தூத்துக்குடி வெயில்ல மனுசனே கருவாடாக் காயுதான். இதுக்கு ஹீட்டர் வேறயா?" என்றாள். மருமகளும் சிரித்தாள்.

இந்த ஊரில் உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காது. ஹோல்டர், திருகாணி, வயர் முனை எல்லாம் ஆறு மாதத்தில் பச்சை பூத்துவிடும். காற்றை அடைப்பதுதான் என் உத்தியோகமாக இருந்தது. அதே பழக்கத்தில் டியூப்பை ஒரு தனிப் பெட்டிக்குள் வைத்து, அதற்கும் கூட்டுக்கும் நடுவில் கண்ணாடி பொருத்தி, ஓரமெல்லாம் பசை வைத்து அடைத்தேன். பார்க்க அழகாக இருந்தது. டியூப்போடு வந்த தாளை நான் பிரிக்கவே இல்லை.

நான்கைந்து மாதத்தில் ஓணான் நடுங்க ஆரம்பித்தது. தாடை மெத்தென்று ஆனது, பின்னங்கால் வளைந்தது. இந்தப் பிராணிகளைப் பார்க்கும் சென்னை டாக்டர் ஒருவரை மருமகள் வீடியோவில் பிடித்தாள். எலும்பு நோய் என்றார். விளக்கு எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். "எங்க மாமா எலக்ட்ரிக்கல் இன்ஜினியர் டாக்டர். அவங்களே போட்டது" என்றாள். டாக்டர் அதற்கு மேல் விளக்கைப் பற்றிக் கேட்கவில்லை. தீனியில் கால்சியப் பொடி தூவுகிறீர்களா என்றார். அம்மா வீட்டுக்குப் போன நாட்களில் விட்டுப்போயிருக்கும் என்று அவள் குரல் இறங்கிச் சொன்னாள். பின்னால் நின்ற எனக்கு அந்த நேரத்தில் பெருமையாகத்தான் இருந்தது.

மறுநாள் அந்தத் தாளைத் தேடி எடுத்துப் படித்தேன். நடுவில் கண்ணாடி வைக்கக் கூடாது என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. வெளிச்சத்தைக் கண்ணாடி விடும். எலும்புக்கு வேண்டிய கதிரை விடாது. ஞாயிற்றுக்கிழமை பெண்கள் இருவரும் மாதா கோவிலுக்குப் பூசைக்குப் போன நேரம் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றி, கம்பி வலை அடித்தேன். மருமகள் வந்து கேட்டாள். காற்றோட்டத்துக்கு என்றேன்.

அந்த வாரமே சாப்பாட்டு மேசையில் மனைவி அவளிடம், "வேலியில தன்னால வளருறத உனக்கு வளக்கத் தெரியல. நாளைக்கு ஒரு பிள்ளைய எப்படிளா வளப்ப?" என்றாள். மருமகளின் கை சோற்றில் அப்படியே நின்றது. நான் இன்னொரு மீன் துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டேன். அந்தத் துண்டை எடுத்தது இன்றுவரை என் கண்ணை விட்டுப் போகவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் வந்தது, கோவிலில் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். ஓணான் விஷயத்தை மட்டும் அவரிடம் என்னவென்று சொல்வது என்று விட்டுவிட்டேன்.

ஒருநாள் மாடிப்படியில் ஏறும்போது மருமகள் என் மகனிடம் போனில் பேசுவது கேட்டது. இன்னும் முழுசாகத் தேறாத ஓணானைச் சென்னையில் யாரிடமோ கொடுத்துவிடப் போகிறாளாம். "என் கையில இருந்தா செத்துரும்" என்றாள். அழவில்லை. முடிவு செய்தவள் மாதிரி சொன்னாள்.

மறுநாள் மத்தியானம், மனைவியும் இருக்கும்போது, அந்தத் தாளை மருமகளின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் இரண்டு தடவை படித்தாள்.

"எப்ப தெரியும் மாமா?"

"நாலு மாசமா."

எழுந்து கை கழுவப் போய்விட்டாள். மனைவி என்னையும் பார்க்கவில்லை, அவள் போன பக்கமும் பார்க்கவில்லை. என் மனைவி மன்னிப்புக் கேட்கிறவள் அல்ல. ஆனால் அன்றிலிருந்து ஓணானுக்கு முருங்கைக்கீரை உருவி வைப்பது அவள்தான்.

ஓணான் எங்கும் போகவில்லை. மருமகள் என்னோடு பேசாத மூன்று வாரத்தில் நான் புதுக்கூடு செய்தேன். மேலே முழுக்கக் கம்பி வலை, ஒரு முனையில் பீங்கான் ஹோல்டரில் சூட்டு பல்பு, அதை அடுத்து டியூப், மறுமுனை விளக்கில்லாமல் குளிர்ச்சியாக, இரண்டு பக்கமும் வெப்பமானி, சூடு ஏறினால் பல்பை அணைக்க ஒரு தெர்மோஸ்டாட். அவள் வந்து அளவு நாடாவால் டியூப்புக்கும் ஓணான் ஏறிப் படுக்கும் கல்லுக்கும் உள்ள தூரத்தை அளந்தாள். தாளை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். இரண்டு அங்குலம் கூடுதல் என்றாள். இறக்கினேன். தாடை மெல்ல இறுகியது. வளைந்த கால் வளைந்ததுதான். அதை இழுத்துக்கொண்டுதான் நடக்கிறது.

ஐப்பசி மழையில் அவள் விளாத்திகுளம் போயிருந்தாள். காலையில் போன் செய்து, சூட்டுப் பக்கம் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டாள். நாற்பது டிகிரி இருக்கும் என்றேன்.

"பாத்துட்டுச் சொல்லுதீங்களா மாமா, நெனச்சுச் சொல்லுதீங்களா?"

நினைத்துத்தான் சொல்லியிருந்தேன். போனோடு மாடிக்கு ஏறினேன். மழையில் வீட்டுக்கு வரும் மூன்று பேஸ் கரண்டில் ஒன்று போய், அந்த அறைக்கு மட்டும் கரண்ட் இல்லை. பல்பு அணைந்து கிடந்தது. இருபத்தேழு என்றேன். அவள் திட்டவில்லை. வைக்காதீங்க, லைன்லயே இருங்க என்றாள். போனைத் தரையில் வைத்துவிட்டு, பக்கத்து அறையிலிருந்து வயர் இழுத்துப் பல்பை எரியவிட்டேன். பிறகு வெப்பமானி முன்னால் உட்கார்ந்து எண் ஏற ஏறப் படித்துச் சொன்னேன். முப்பது. முப்பத்துமூன்று. முப்பத்தொன்பது என்று சொன்ன பிறகுதான் அவள் போனை வைத்தாள்.