எழுந்திருக்காத டொன் எலிஹியோ

கரீபியக் கடல் என்றைக்காவது வற்றிப்போனால் திரும்ப நிரப்ப டொன் எலிஹியோவின் மூத்திரப்பை ஒன்றே போதும். பரஹோனாவிலிருந்து சாந்தோ தொமிங்கோவுக்குக் காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். வழியில் ஒருதரம்கூட இறங்கி ஒதுங்கியதில்லையாம். பின்சீட்டில் ஒருத்திக்குப் பிரசவம் ஆனபோதும் வண்டியை நிறுத்தவில்லையாம். இதையும் பெருமையாகத்தான் சொல்வார்.

ஓய்வு பெற்றதும் அந்தப் பையே அவர் மானத்தை வாங்கியது. நாலு எட்டு நிமிர்ந்து நடந்தால் கால் மரக்கட்டை. சந்தைத் தள்ளுவண்டிமேல் கவிழ்ந்துகொண்டால்தான் தேவலை. கூடவே திடீர் திடீரென்று அவசரம். போய் நிற்பதற்குள் கால்சட்டை நனைந்துவிடும். டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார்.

"கீழ்முதுகுல நரம்பு போற வழி குறுகிப்போச்சு. ஒண்ணுக்கு அடியோட நின்னாலோ, உட்கார்ற இடம் மரத்துப்போனாலோ உடனே ஓடி வாங்க."

"முதுகு எங்க இருக்கு, மூத்திரம் எங்க இருக்கு! இந்தாளு எந்தக் காலேஜ்ல படிச்சான்?" என்றார், ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத டொன் எலிஹியோ. ரம்மில் மரப்பட்டை ஊறும் மாமஹுவானா புட்டியைத் தன் வைத்தியராக நியமித்துக்கொண்டார்.

மூலைக்கடை வாசலில் டோமினோ கட்டை ஆடுகிறவர்களுக்கு ஒரு சட்டம்: சுற்று முடியுமுன் நாற்காலியைவிட்டு எழுந்தால் அந்த ஜோடி தோற்றது. அவருடைய ஜோடி சிப்ரியான் வாரம் தவறாமல் தோற்றார்.

"உன்னோட ஆடுறதுக்கு ஓட்டை வாளியோட ஆடலாம்யா!"

அந்த ஞாயிற்றுக்கிழமை அதிசயம் நடந்தது. பூசை முடிந்து உட்கார்ந்த டொன் எலிஹியோ, பொழுது சாயும்வரை அசையவில்லை. சுற்றுக்குச் சுற்று வெற்றி.

"எலிஹியோ, குழாய்க்கு மூடி போட்டுட்டியா?"

"மாமஹுவானாடா! டாக்டர்கிட்டப் போய்ச் சொல்லுங்கடா!"

எல்லோரும் அவர் பைக்காக பீர் உயர்த்தினார்கள். எப்பேர்ப்பட்ட அறிவாளிகள்!

அவரைச் சாப்பிடக் கூப்பிட வந்த மனைவி நெரெய்தா கேட்டாள்: "கடைசியா எப்பய்யா போனே?"

"நேத்து. அப்புறம் ஒரு சொட்டு? மூச்! நாற்காலி கூட உறுத்தலைடி. மேகத்து மேல உட்கார்ந்த மாதிரி இருக்கு."

நெரெய்தா மேசையையே கவிழ்த்தாள். கட்டைகள் தெருவெல்லாம் தெறித்தன.

"எழுந்திருய்யா!"

"ஜெயிக்கிற நேரத்துல கெடுத்தியேடி, பாவி!"

எழப் பார்த்தார். கால் கேட்கவில்லை. முகம் வெளுத்தது. சுற்றி நின்ற மேதைகள், குளிர் ஏறிவிட்டதா, கண்ணேறா என்று பட்டிமன்றம் நடத்தினார்கள். யாரோ ஒருத்தர் ஓடிப்போய் வாழைக்காய் வேனை மறித்துக் கொண்டுவந்தார். வேனின் ஒலிபெருக்கியை யாரும் அணைக்கவில்லை. "பச்சைக் காய்! கொழுத்த காய்!" என்று அது கூவிக்கொண்டே வர, டொன் எலிஹியோ ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார்.

குழாய் போட்டு வடித்தார்கள். அன்றைக்கே முதுகைத் திறந்து நரம்புக்கு வழிவிட்டார்கள். இப்போது கோலூன்றி நடக்கிறார். பை மட்டும் இன்னும் முழுசாகச் சொன்னபடி கேட்பதில்லை; வேளைக்கு வேளை தானே குழாய் விட்டு வடித்துக்கொள்கிறார். தெருவில் எல்லோரும் "எனக்கு அப்பவே தெரியும்" என்கிறார்கள்.

இவ்வளவையும் எழுதி நான் படித்துக் காட்டியபோது டொன் எலிஹியோ கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"என் பை ஒழுகினதை ஊருக்கெல்லாம் எழுதிட்டே. வேன்ல என் தலையை மடியில வச்சுக்கிட்டு உன் மூக்கு ஒழுகினதை மட்டும் ஏண்டா விட்டுட்டே?"