கடைசி பெஞ்சில் ஆறு அப்பாக்கள்

மைசூரில் நான்கு வருடமாக இருக்கிறேன். வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் அரண்மனையைக் காட்டிக் காட்டி, அங்கே வாசலில் இருப்பவர்களே என்னிடம் நலம் விசாரிக்கும் நிலைக்கு வந்தாயிற்று. அதனால் போன நவம்பரில், மைசூர் ஹெப்பாளில் எங்கள் அலுவலக கேன்டீனில் வேலை பார்க்கும், தமிழ்நாட்டு எல்லையோர ஊர்க்காரரான மாதம்மா, "ஒரு சனிக்கெழம எங்கூரு ராமாபுரத்துக்கு வாங்கக்கா, மலையெல்லாம் நல்லாருக்குமுங்க" என்றதும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். மலை நன்றாகத்தான் இருந்திருக்கும். நான் பார்த்தது பள்ளிக்கூடம்.

காலை ஆறே காலுக்கு மைசூரில் பஸ். கொள்ளேகால் வரை சுமார் அறுபத்தைந்து கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். கர்நாடகப் பெண்களுக்கு அரசு பஸ்ஸில் டிக்கெட் இலவசம். என் ஆதாரில் இருப்பதோ சேலம் முகவரி. கண்டக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீவு துட்டு கொடி மேடம்" என்று காசுக்குக் கையை நீட்டினார். மாதம்மாவுக்கு என்மேல் இரக்கம் வந்து ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுத்தார்.

கொள்ளேகாலில் பஸ் மாறி ஹனூரைத் தாண்டும்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அன்று மகள் பவித்ராவின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். ஏழாவது படிக்கிறாள். மாதம்மாவுக்கு வாரம் முழுக்க மைசூரில் வேலை. ஐந்து பெண்களோடு ஒரே அறையில் தங்கல். கணவர் மாதையன் டிசம்பர் வந்தால் குடகில் காபி பறிக்கப் போவார். கணவர் காபி பறிக்கிறார், மனைவி காபி டம்ளர் கழுவுகிறார், நடுவில் குடிக்கிற வேலை மட்டும் எங்களுடையது. போன வருடம் சமைத்துப்போட மகளையும் எஸ்டேட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார். மூன்று மாதப் பாடம் போயிற்று. இந்த வருடமும் போனால் படிப்பு அவ்வளவுதான். ஹாஸ்டலில் இடம் இருக்கிறது, ஆனால் அப்பா நேரில் வந்து சரி என்று சொல்ல வேண்டும்.

"சொல்ல வேண்டியதுதானே?"

"பள்ளிக்கூடம்னா அவருக்கு பயமுங்க. போன தடவ கேட்டுலயே திரும்பி ஓடிட்டாரு. நீங்க வாசல்ல நின்னா ஓட மாட்டாருங்க."

சுற்றுலா என்று என்னை அழைத்துவந்தது இதற்குத்தான்.

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம். கூட்டத்தன்று பிள்ளை உட்காரும் இடத்தில் பெற்றோர் உட்கார வேண்டும்; பிள்ளைகள் வராண்டாவில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அம்மாக்கள் ஒழுங்காக இடம் கேட்டு உட்கார்ந்தார்கள். மாதையனையும் சேர்த்து வந்திருந்த ஆறு அப்பாக்களும் யாரையும் கேட்கவில்லை. நேராகக் கடைசி பெஞ்சுக்குப் போய், மூன்று பிள்ளைகள் உட்காரும் இடத்தில் ஆறு பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். பவித்ராவின் இடம் முதல் பெஞ்ச். அதில் மாதம்மா மட்டும் இருந்தார்.

"பவித்ரா அப்பா, முன்னாடி வாங்க" என்றார் வாத்தியார். மாதையனைவிடப் பத்து வயது சின்னவர்.

"அது நம்ம எடம் இல்லீங்க சார்." மாதையன் இதே பள்ளியில் மூன்றாவது வரை படித்தவர். அன்று உட்கார்ந்த இடத்தை அவர் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.

"சரி. போன வருஷம் மூணு மாசம் ஏன் வரல?"

மாதையன் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டார். "வயித்து வலிங்க சார்."

"யாருக்கு?"

"எனக்குங்க."

வகுப்பே சிரித்தது. வராண்டாவில் பவித்ராவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வாத்தியார் மட்டும் சிரிக்காமல், "இந்த வருஷமும் வலிக்குமா?" என்று கேட்டார். அவள் சிரிப்பு நின்றுவிட்டது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்பாவையே பார்த்தாள்.

"அவ வரலீன்னா எனக்கு சோறு யாருங்க ஆக்கறது?" என்றார் மாதையன், பாதி வாத்தியாரிடமும் பாதி மனைவியிடமும்.

மாதம்மா திரும்பக்கூட இல்லை. "கை இருக்குதில்ல? காபி மட்டுந்தான் பறிக்குமா அது?"

மாதையன் வாசலைப் பார்த்தார், அங்கே நான். வேறு வழியில்லாமல் முன்னால் நடந்து போய் மாதம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். முழங்கால் மேசையில் இடித்தது. "ஹாஸ்டல்லயே படிக்கட்டுங்க சார். சோறு நானே ஆக்கிக்கறனுங்க" என்றார். கூட்டம் முடிந்தும் எழுந்திருக்கவில்லை. வாத்தியார் போகலாம் என்று சொல்வதற்காகக் காத்திருந்தார்.

திரும்பும் பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். என் அப்பா பள்ளி ஆசிரியர். முதல் பெஞ்ச் எனக்குக் கிடைத்தது என் மூளையால் என்றுதான் இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: காலை பஸ்ஸைப் பிடியுங்கள், ஹனூரிலேயே இட்லி சாப்பிட்டுவிடுங்கள், வெளிமாநில ஆதார் என்றால் சில்லறை எடுத்துக்கொள்ளுங்கள். கேன்டீன் ஆள் யாராவது மலை பார்க்கக் கூப்பிட்டால், அன்று பெற்றோர் கூட்டம் உண்டா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

பவித்ரா ஹாஸ்டலில் இருக்கிறாள், ஒரு நாள்கூட லீவு போடவில்லையாம். ஜனவரியில் மாதையன்தான் குடகிலிருந்து மாதம்மாவுக்குப் போன் செய்து, இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை என்றாராம். காரணம் வயிற்று வலி. இந்த முறை நிஜமாகவே. அவர் ஆக்கிய சோறு அப்படி.