தஸ்மினியின் வாணலி கூரை ஏறிய கதை

சொகராஜா ஊர் ரயில்வே கேட் காவலர் தார்சுன் பிடித்த பிடியை விடாதவர். ஒருநாள் ரயில் தாமதமாக, அவர் கேட்டைத் திறக்கும் வரை காத்துக் கிடந்த கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளைக்குத் தாடியே வளர்ந்துவிட்டதாம்.

அப்பேர்ப்பட்டவர் திருட்டு நகல் விண்டோஸைத் தன் கம்ப்யூட்டரில் ஏற்றுவாரா? லினக்ஸ்தான் வைத்திருந்தார். அதில்தான் வினை. பள்ளிக்கூடத்து வயர்லெஸ் கம்பத்திலிருந்து ஏழு வீட்டுக்கு இணையம் இழுத்துத் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டார்; வாங்கி வந்த விரல் நீள வயர்லெஸ் கார்டோ மூச்சே விடவில்லை.

"காங், வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைப் பாங்கு வரைக்கும் பாப்பேன்," என்றார் பக்கத்து வீட்டுத் தோஹிர், அண்ணன் முறை வைத்து. "அப்பவும் வரலேன்னா என் விண்டோஸ் சிடியைப் போட்டே ஆகணும்."

"திருட்டுச் சிடியா? என் பிணத்து மேல போடு!" என்றார் தார்சுன். ஆனாலும் கெடுவுக்குத் தலையாட்டினார். ஏழு வீட்டுக்குக் கொடுத்த வாக்காயிற்றே.

வயர்லெஸ் அலையைக் குவிக்க அங்கே எல்லாரும் கூரையில் வாணலியைத்தான் கட்டுவார்கள். அவர் மனைவி தஸ்மினி தினமும் பிற்பகல் அஸர் நேரத்துக்கு மெண்டோவான் பொரித்து விற்பவள். சோயா அடையான தெம்பேயை மாவில் தோய்த்துப் போட, மூன்று சாண் வாணலி.

"நடுவுல ஒரே ஒரு ஓட்டை, தஸ்மினி."

"ஓட்டை போட்டா உங்க மண்டையிலயும் ஒண்ணு விழும், பாக்," என்றாள்; கணவரை அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுவாள். "கட்டிக்கோங்க. அஸருக்கு என் வாணலி கீழ வந்தாகணும்."

மூங்கில் குச்சிகளை வைத்துக் கார்டை வாணலிக்கு நடுவில் கட்டினார். மூன்று நாள் கூரையில் நின்று கிழக்கே திருப்பினார், மேற்கே திருப்பினார். வாணலியில் காக்கை குளித்தது, இணையம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த தஸ்மினி கத்தினாள். "பாக்! உங்க அம்மா மாதிரி இதுவும் ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லுது!"

இறங்கி வந்து படித்தார். கார்டை எழுப்பும் கோப்பு ஒன்றைக் காணோமாம். முதல் நாளிலிருந்தே அது சொல்லிக்கொண்டுதான் இருந்தது. அந்தக் கோப்போ இணையத்தில் இருந்தது.

"அடுப்பு பத்த வைக்க நெருப்பு வேணும், நெருப்பு அடுப்புக்குள்ள இருக்குங்கிறீங்க," என்றாள் தஸ்மினி. "கடைவீதியில நெட் கடை இருக்கே, கெளம்புங்க!"

தார்சுன் மோட்டார் சைக்கிளில் பறந்தார். பென் டிரைவில் கோப்பை ஏற்றிக்கொண்டு திரும்பும் வழியில் ரயில். கேட் மூடியிருந்தது. பணியில் இருந்த சக காவலர் சிரித்தார். "காங், உங்களுக்காகத் தூக்கட்டுமா?"

"தூக்கினே, உன் மேல புகார் எழுதுவேன்!" என்றார் தார்சுன், வியர்த்துக்கொண்டே.

வீடு வந்து, கோப்பை அதன் இடத்தில் வைத்து, கார்டைப் பிடுங்கிச் செருகினார். பச்சை விளக்கு சிமிட்டியது. பள்ளிக்கூடத்தின் பெயர் திரையில் வந்த நொடியில் பாங்கு ஒலித்தது. வாசலில் சிடியோடு தோஹிர், ஏணியோடு தஸ்மினி.

"வந்துடுச்சு! பாருடா தோஹிர், வந்துடுச்சு!"

"சந்தோஷம், பாக். அடுப்பு எரியுது. வாணலி?"

அன்று முதல் அந்தத் தெருவில் இணையம் அஸர் வரைதான். பாங்கு கேட்டதும் ஏழு வீட்டிலும் திரை உறைந்து நிற்கும்; மெண்டோவான் மணம் வரும். யாரும் முணுமுணுக்கவில்லை. ஏழு வீட்டுக்கும் ஆளுக்கொரு தட்டு போய்க்கொண்டிருந்தது. தோஹிரின் சிடி பப்பாளி மரத்தில் ஆடி வௌவால் விரட்டியது.