பின் சீட்டுக்கு ஒரு விரிப்பு

சலவை நிலையத்தில் அவருக்குக் கறைக்காரர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பள நாளில் மட்டும்தான் புழக்கத்துக்கு வரும். விடுதிகளிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக வரும் துணிகளில், இயந்திரம் கைவிட்டவை அவர் மேசைக்கு வந்து சேரும். விளக்கைத் தாழ்த்தி, துணியை மூக்கருகே கொண்டுபோய், "இது காபி இல்ல, இருமல் மருந்து" என்பார். அதற்குமேல் அப்பீல் கிடையாது.

உலகத்து அழுக்கையெல்லாம் பகல் முழுக்கப் பார்க்கிறவருக்கு, அழுக்கே அண்டாத ஓர் இடம் வேண்டும் என்று தோன்றியதில் தப்பில்லை. அந்த இடம் அவருடைய கார். பல கை மாறி வந்த பழைய வண்டிதான். ஆனால் அவர் வம்சத்திலேயே முதல் கார். வாங்கும்போது, வெண்ணெய் நிறத் துணி போட்ட பின் சீட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழுப்புத் திட்டு இருந்தது. யாரோ ஒரு குழந்தை என்றைக்கோ கக்கிய பால். பால் கறையைக்கூட எடுத்துவிடலாம், வாடையை எடுப்பதுதான் பெரும்பாடு. லீவு நாளெல்லாம் குந்தி உட்கார்ந்து அதை ஒழித்துக்கட்டினார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த களையைக் கல்யாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை என்று மனைவி சொல்வாள். விளையாட்டாகச் சொல்வதுதான். எல்லாமே விளையாட்டு என்றும் சொல்லிவிட முடியாது.

நெடுநாள் காத்திருந்து அவள் உண்டானபோது மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. ஆடி ஓய்ந்த பிறகுதான் பின் சீட் ஞாபகம் வந்தது. தொழில் புத்தி, வேறென்ன? குழந்தை என்றால் என்னென்ன கறை வரும் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்?

அடியில் கனமான பிளாஸ்டிக். அதன்மேல் ரப்பர் ஷீட். அதற்கும் மேலே பஞ்சு வைத்துத் தைத்த விரிப்பு, அதன்மேல் துவைத்து மாற்ற ஒரு துண்டு. பிள்ளை உதைக்கப்போகும் முன் சீட் முதுகுகளுக்கு உறை. இன்னும் கண் திறக்காத பிள்ளை பிஸ்கட் தின்று கையைத் துடைக்கும் என்று கதவுக்கும் ஓர் உறை. ஒவ்வொரு தடவையும் அவர் துண்டை விரித்து, சுருக்கம் நீவிவிட்ட பிறகுதான் மனைவி ஏற வேண்டும். அதுவரை கதவோரம் நின்றிருப்பாள். ஏறியதும் அடியில் ரப்பர் கிறீச்சிடும்.

"சாய்ஞ்சு உக்காரலாமா, இல்ல அதுக்கும் உத்தரவு வாங்கணுமா?" என்பாள்.

"தாராளமா சாயி. துண்டு மட்டும் நழுவாம பாத்துக்க."

மசக்கை நாட்களில் ஒரு சாயங்காலம், வண்டி ஓடும்போதே அவளுக்குக் குமட்டியது. ஓரம்கட்டுவதற்குள் வந்துவிட்டது. அத்தனையையும் தன் துப்பட்டாவிலேயே ஏந்திக்கொண்டாள். அவர் பதறித் திரும்பிப் பார்த்தார்.

"அப்பாடா, சீட்டுல படல!"

அவள் அவரைப் பார்த்தாள். வாயைத் துடைத்துக்கொண்டாள். வீடு வந்து சேரும்வரை பேசவில்லை. களைப்பு போல என்று அவர் நினைத்துக்கொண்டார். சில மனிதர்களுக்குத் துணியில் இருப்பதுதான் கண்ணுக்குத் தெரியும்.

மாசம் நெருங்கியதும் அவளுடைய தம்பி, டயர் கடைக்காரன், குழந்தைக்கு என்று ஒரு கார் இருக்கை வாங்கி வந்தான். பின் சீட்டில் வைத்து பெல்ட்டை இழுத்துப் பூட்டி ஆட்டிப் பார்த்தான். அது இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நகர்ந்தது.

"மாமா, இது சீட்டா, சறுக்கு மரமா?"

"நல்லா இழுத்துக் கட்டு மாப்ள."

"எவ்வளவு இழுத்தாலும் அடியில இருக்கிற மெத்தை அமுங்கிக்கிட்டே போகுது. பிரேக் போட்டா பிள்ளையோட சேந்து முன்னால வரும். எல்லாத்தையும் உருவிடுங்க."

"பாக்கலாம்."

பார்க்கலாம் என்றால் அவர் அகராதியில் மாட்டேன் என்று பொருள். கணவனுக்குத் தெரியாத பல விஷயங்கள் மனைவிக்குத் தெரியும், இதுவும் தெரியும்.

ஒரு நாள் முற்பகல், மேசையில் வேலையாக இருந்தபோது மச்சினன் போன் செய்தான். அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று, பனிக்குடம் உடைந்துவிட்டது, வாடகைக் காரில் தனியாகவே வந்து சேர்ந்திருக்கிறாள் என்றான். கறைக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. வீடு பக்கத்துத் தெரு. வண்டி சலவை நிலைய வாசலிலேயே நிற்கிறது.

ஓடிப்போய்ப் பார்த்தபோது அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா என்னக் கூப்பிடல?"

"தண்ணி நிக்காம கொட்டிக்கிட்டே இருந்துச்சுங்க. உங்க சீட்டு பாழாயிடும்ல."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார். அவருக்கு ஒரு சிரமத்தை மிச்சப்படுத்தியவளைப் போல, சாதாரணமாகச் சொன்னாள். அதற்குள் அடுத்த வலி வந்துவிட்டது. நர்ஸ் அவரை வெளியே போகச் சொன்னாள்.

வாசலில் ஒரு வாடகைக் காரின் பின்கதவு திறந்து கிடந்தது. டிரைவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சீட்டைப் பார்த்தபடி நின்றார். கறைக்காரருக்குக் கேட்காமலே புரிந்தது.

"என் மனைவிதாங்க."

"அப்படியா? இறங்குற வரைக்கும் 'மன்னிச்சிடுங்கண்ணே, மன்னிச்சிடுங்கண்ணே'ன்னே சொல்லிக்கிட்டு இருந்துச்சு. வலியில கத்துறத விட்டுட்டு யாராவது சீட்டுக்கு மன்னிப்பு கேப்பாங்களா? வீட்ல ரொம்பக் கண்டிப்போ?"

கறைக்காரர் தோட்டத்துக் குழாயில் பச்சைத் தண்ணீர் பிடித்து வந்தார். சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் வெள்ளைத் துணியை நனைத்து, முட்டி போட்டு, ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒற்றி ஒற்றி எடுத்தார். நீர்தான், கொஞ்சம் ரத்தமும். எத்தனையோ ஊரார் பிள்ளைகளின் கறையை எடுத்த கைதான். தன் பிள்ளை உலகத்தில் முதன்முதலாகப் பதித்த அடையாளம் யாரோ ஒருவர் வண்டியில் கிடக்கிறது என்று நினைத்தபோது அந்தக் கை பாதியிலேயே நின்றது. தன் வண்டியில் தன் மனைவிக்கே இடமில்லாமல் செய்துவிட்டோம் என்று அழுகை வந்தது. அழுதார். டிரைவர் ஏதோ புரிந்தவராக அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மதியம் பெண் குழந்தை பிறந்தது.

வீட்டுக்கு அழைத்துப் போகும் நாளன்று துண்டு, விரிப்பு, ரப்பர், பிளாஸ்டிக் எல்லாவற்றையும் உருவி எறிந்தார். மச்சினன் வந்து குழந்தை இருக்கையை வெறும் சீட்டில் வைத்துப் பூட்டினான். ஆட்டிப் பார்த்தான், கார்தான் ஆடியது.

ஆஸ்பத்திரி வாசலில் குழந்தையை இருக்கையில் படுக்கவைத்துப் பூட்டியாயிற்று. மனைவி மட்டும் ஏறவில்லை. வழக்கம்போலக் கதவோரம் ஒதுங்கி நின்றாள்.

"ஏறும்மா."

"விரிங்க, ஏறுறேன்."

"விரிக்க ஒண்ணும் இல்ல."

எட்டிப் பார்த்தாள். வெண்ணெய் நிறத் துணி வெறுமனே இருந்தது. பையைத் துழாவித் தானே ஒரு துண்டை எடுத்தாள். அவர் அதை வாங்கித் தன் மடியில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தார்.

கொஞ்ச தூரம் போவதற்குள் குழந்தை கக்கியது.

"ஐயோ, சீட்டுல பட்டுடுச்சுங்க."

"பிள்ளைக்கு ஒண்ணும் இல்லையே? நீ நல்லா இருக்கியா?"

கண்ணாடியில் பார்த்தார். சீட்டின் நுனியில்தான் உட்கார்ந்திருந்தாள், இத்தனை மாதமும் உட்கார்ந்த மாதிரி. அவர் மெதுவாகவே ஓட்டினார். பாதி வழி தாண்டிய பிறகுதான் அவள் முதுகு சீட்டில் சாய்ந்தது.