சேர்த்து வைத்த கூலி

ஆரணியில் எழுபதுகளில் புருஷன் பெண்டாட்டி சண்டையைத் தீர்த்து வைக்கக் கூலி பத்து ரூபாய். கொடுத்தது புருஷனும் இல்லை, பெண்டாட்டியும் இல்லை, தறி முதலாளி. பட்டுச் சேலை நெய்ய அவன் உட்கார்ந்தால், கரைக்கு நூல் ஓட்டும் நாடாவைத் தள்ள அவள் பக்கத்தில் உட்கார வேண்டும். அவள் கோபித்துக்கொண்டு தாய்வீடு போய்விட்டால் முகூர்த்தச் சேலை பாதியில் நிற்கும். முதலாளிக்கு வந்த அக்கறை அவ்வளவுதான்.

அந்தப் பத்து ரூபாயை வாங்கியவள் சேவூர் விருத்தாம்பாள். பட்டு நூல் சுற்றிப் பிழைத்தவள், புருஷன் இல்லாதவள். வாயில் பொய் வராது என்று பெயர் எடுத்திருந்ததால் அவள் பேச்சு எடுபட்டது. இரண்டு பக்கத்தையும் திட்டுவாள், அழுகிறவளை அழவிடுவாள், கடைசியில் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டுவிடுவாள்.

மூன்று நாள் தறிச் சத்தம் கேட்டால்தான் முதலாளி சுப்பராயலு பணத்தை எடுப்பார். அவளும் தெருவில் போகும்போது காது கொடுத்துக் கேட்பாள். சத்தம் வந்தால், குடும்பம் சேர்ந்துவிட்டது என்று நடையைக் கட்டுவாள். உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. நெசவுத் தெருவில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத்தான் இப்படி ஒரு நம்பிக்கை வரும்.

1979 ஆவணியில் நெசவாளி ஜெயவேலின் மனைவி தேவகி மூன்றாம் தடவையாகப் படவேட்டில் இருந்த தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். முந்தைய இரண்டு தடவையும் அவளைக் கூட்டிவந்தவள் விருத்தாம்பாள்தான். சேலை கேட்டிருந்த கல்யாணத்துக்கு நாள் நெருங்கிவிட்டதால் இந்த முறை சுப்பராயலு இருபத்தைந்து ரூபாயை முன்னாலேயே கொடுத்தார்.

விருத்தாம்பாள் பஸ்ஸை விட்டு இறங்கிப் போனபோது தேவகி கொட்டகையில் ஒரே கையால் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள். இடது கையில் இரண்டு விரல் கோணிப் போயிருந்தன.

"கைக்கு இன்னாடி ஆச்சு?"

"இது பழசுக்கா. போன தபா நீங்க கொண்டாந்து வுட்டீங்களே, அதுக்கு மறுநாள் ஒடிச்சாரு."

"தறி ஓடிச்சே. நான் கேட்டுகினுதான போனேன்."

"தறி ஓடும்க்கா. அழுதுகினே நாடா தள்ளினாலும் ஓடத்தான் செய்யும்."

தேவகி கையைக் கழுவிக்கொண்டு வந்து, கோபமே இல்லாமல் கேட்டாள்: "நான் வந்தா உங்களுக்கு எவ்ளோ தருவாங்க?"

"இருவத்தஞ்சு."

தேவகி கொடியில் கிடந்த சேலையை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். "வாங்க, பஸ்ஸு போயிடப் போவுது. எங்கம்மாவும் போ போன்னுதான் சொல்லிகினு இருக்குது. உங்களுக்காச்சும் ஆவட்டும்."

செருப்பால் அடித்திருந்தால்கூட விருத்தாம்பாளுக்கு அவ்வளவு வலித்திருக்காது. மடித்த சேலையை வாங்கித் திரும்பக் கொடியில் போட்டாள். "நீ வராத. இங்கயே இரு." பிறகு தேவகியின் அம்மாவை உட்காரவைத்து, மகளை வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லி ஒரு மணி நேரம் பேசினாள். பஸ் போய்விட்டது. கூலி இல்லாமல் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான். அம்மாக்காரி கடைசியில் சரி என்றாள்.

மறுநாள் இருபத்தைந்து ரூபாயை சுப்பராயலுவின் மேசையில் வைத்தாள்.

"சேத்து வைக்கத்தான உனக்குக் காசு? சும்மா போய்ட்டு வரவா?" என்றார் அவர்.

"தறிக்கு ஆள் புடிச்சிகினு வர்றதுக்குக் குடுத்தீங்க மொதலாளி. அது எனக்குத் தெரியாம போச்சு."

அதன்பின் எந்த முதலாளியும் அவளைக் கூப்பிடவில்லை. எண்பதுகள் முழுக்க நூல் சுற்றிக் கிடைத்த கூலியோடு சரி.

ஆனால் பழைய கூலி அவளை விடவில்லை. தான் சேர்த்து வைத்த வீடுகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொன்றாகப் போனாள். "எப்டிமா கீற?" என்று கேட்டுவிட்டு, அவர்கள் முகத்தையும் கையையும் பார்ப்பாள். பாதிப் பேர் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள், காபி கொடுத்தார்கள். சிலர் அழுதார்கள். ஒருத்தி மட்டும் மறுபடி தாய்வீட்டுக்கே வந்துவிட்டிருந்தாள்; அங்கே தேடிப் போனபோது கதவைத் திறக்கவில்லை.

"போய்டு விருத்தாக்கா," என்றாள் உள்ளிருந்தே. "நீ வந்தா என்னைத் திரும்பக் கூட்டிகினு போய் வுட்டுடுவ."