ஆத்தூரில் இருக்கிறது என்றது போன்

கிடங்கில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு விதி உண்டு. ஒரு பொருள் இருப்பில் இருக்கிறது என்று யாரிடம் சொன்னாலும், அது எந்த நேரத்து நிலவரம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அரசு மருந்துக் கிடங்கிலிருந்து ஓய்வு பெற்ற எனக்கு இது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மறக்காது. போன வருஷம் கோடையில், ஒரு செயற்கை நுண்ணறிவு உதவியாளருக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்று தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்ட இடம் ஆத்தூர்.

என் அக்கா மகள் மோகனூர் பக்கம் கோழிப்பண்ணை நடத்துகிறாள். அடுத்த பண்ணையில் வெள்ளைக்கழிச்சல் வந்து கோழிகள் சாக ஆரம்பித்திருந்தன. இவள் ஷெட்டில் இருந்த குஞ்சுகளுக்கு உடனே தடுப்பு மருந்து போட்டாக வேண்டும். கோழிப்பண்ணையாளர் சங்கத்துக்குச் சில ஊர்களில் மருந்துக் கிடங்கு உண்டு. எங்கே என்ன மருந்து இருக்கிறது என்று போனில் கேட்டால் அந்த உதவியாளர் சொல்லும். கேட்டாள். நாமக்கல்லில் இல்லை, ஆத்தூரில் இருக்கிறது என்றது. குரலில் சந்தேகத்தின் சாயல்கூட இல்லை. ஐஸ் பெட்டியுடன் காரில் புறப்பட்டோம்.

எங்கள் பெட்டியைப் பார்த்ததுமே ஆத்தூர் கிடங்குக்காரர் சிரித்துவிட்டார். "நீங்களும் போனைக் கேட்டுட்டுத்தான் வரீங்களா? மருந்து காலையிலயே தீந்துபோச்சு சார். இப்பதான் ரெண்டு வண்டி வந்து திரும்பிப் போச்சு. நாமக்கல்லுல இன்னைக்குப் புதுசா இறங்கியிருக்காம்."

"ஏனுங் மாமா, ஊட்டுக்குப் பக்கத்துல மருந்த வெச்சுக்கிட்டா இத்தன தூரம் வந்தோம்?" என்றாள் அவள். ஐஸ் பெட்டியைத் திரும்பக் காரில் ஏற்றினேன்.

நாங்கள் நாமக்கல் திரும்பியபோது கிடங்கு பூட்டியிருந்தது. மறுநாள் மருந்து போடுவதற்குள் ஷெட்டின் ஒரு மூலையில் குஞ்சுகள் தலையைத் தொங்கப்போட்டு நின்றன. பெரும்பாலானவை பிழைத்தன. எல்லாம் இல்லை. "அடுத்த குஞ்சு எறக்கறதுக்குள்ள இதச் சரி பண்ணிக் குடுங்க மாமா. இல்லீன்னா இந்தப் போனைக் கெணத்துல வீசிருவேன்" என்றாள்.

சங்கச் செயலாளரிடம் போனேன். "கம்ப்யூட்டர் சொல்றதுக்கு நாம என்னங்க பண்றது?" என்றார். பொறுப்பைத் தட்டிக் கழிக்கும் வாக்கியங்களை என் பணிக்காலத்தில் ஏராளமாகக் கேட்டிருக்கிறேன். இது அவற்றின் புதுப்பதிப்பு. உதவியாளரைச் செய்து கொடுத்த நிறுவனம் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருப்பதாக விசாரித்து, மறுநாளே அங்கே போய் உட்கார்ந்தேன்.

நாற்பது வயது மதிக்கத்தக்க பொறியாளர் அம்மையார், பொறுமையாகத் திரையைத் திருப்பிக் காட்டினார். உதவியாளருக்குத் தானாக எதுவும் தெரியாதாம். அதன் கையில் இரண்டு கருவிகள். ஒன்று, தினமும் விடிந்ததும் எடுத்து வைத்த இருப்பு நகலைப் படிக்கும். உடனே பதில் வரும். மற்றது, அந்த நிமிடமே கிடங்குக் கணினியைக் கேட்கும். தாமதமாகும். எல்லோருக்கும் அதையே கேட்டால் கிடங்குக் கணினி திணறிவிடும். ஆகவே இரண்டும் தேவை. எதை எடுப்பது என்பதை, அவற்றுக்கு எழுதி வைத்த விளக்கத்தைப் படித்து உதவியாளரே முடிவு செய்யும்.

விளக்கங்களைப் படித்தேன். முதல் கருவி: "மருந்து இருப்பைத் தரும்." இரண்டாவது: "மருந்து இருப்பு விவரம் தரும்."

"வித்தியாசம் எங்கேம்மா?"

"எங்களுக்குத் தெரியும் சார்."

"அந்த உதவியாளருக்கு?"

அம்மையார் விசைப்பலகையை என் பக்கம் தள்ளினார். "குறை சொல்றது சுலபம் சார். நீங்களே எழுதிக் குடுங்க."

எழுதினேன். ஒரு பக்கம் வந்தது. 'உரிய நேர்வுகளில்', 'தேவைக்கேற்ப', 'மேற்கண்டவாறு' எல்லாம் அந்தந்த இடத்தில் கம்பீரமாக நின்றன. சோதித்துப் பார்த்தார். சங்கத்தில் என்னென்ன மருந்து விற்கிறீர்கள் என்று சும்மா கேட்டதற்கு, உதவியாளர் எல்லாக் கிடங்குகளையும் தட்டி எழுப்பியது. இப்போதே வாங்க வருகிறேன், இருக்கிறதா என்றதற்குப் பழைய நகலை நீட்டியது.

"உரிய நேர்வு எதுன்னு அதுக்கு யார் சார் சொல்றது?" என்று சிரித்தார். சுருக்கென்றது. யாரும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே அரசு அலுவலகங்களில் நாங்கள் வளர்த்த சொல் அல்லவா அது!

அத்தனையையும் அழித்தேன். காரில் ஏறப்போகும் ஒருத்திக்கு என்ன தெரிய வேண்டும் என்று மட்டும் யோசித்து எழுதினேன்: "இது இன்று விடிகாலை எடுத்த நகல். அதற்குப் பிறகு வந்ததும் விற்றதும் இதில் இல்லை. பொதுவாக எங்கே என்ன கிடைக்கும் என்று கேட்டால் இதைப் பயன்படுத்து. நகல் எடுத்த நேரத்தையும் சொல். வாங்கக் கிளம்புகிறவருக்கு இதைப் பயன்படுத்தாதே. கிடங்கை நேரடியாகக் கேட்கும் கருவியை எடு." அந்தக் கருவியின் விளக்கத்தில் அம்மையார் ஒரு வரி சேர்த்தார்: "கிடங்கிலிருந்து பதில் வராவிட்டால் நகலை வைத்துச் சமாளிக்காதே; தெரியவில்லை என்று சொல்." நான் எழுதியிருக்கக் கூடாதா என்று பொறாமையாக இருந்தது.

இந்த முறை கேட்ட கேள்விக்கெல்லாம் சரியான கருவியை எடுத்தது. ஆனால் மாற்றத்துக்குச் சங்கத்தின் ஒப்புதல் வேண்டும். மனு, ஒப்புகைச் சீட்டு, நினைவூட்டல், இரண்டாம் நினைவூட்டல் என்று எனக்குத் தெரிந்த ஆயுதம் அத்தனையும் எடுத்தேன். நடுவில் நேரிலும் போனேன்.

"ரிட்டயர்டு ஆனவரு ஊட்ல இருக்க மாட்டீங்களா?" என்றார் செயலாளர்.

"குஞ்சு எறங்கற வரைக்கும் இருக்க மாட்டேனுங்க" என்றேன். அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, டீ சொன்னார்.

கடைசியில் ஒப்புதல் கிடைத்து, விளக்கம் மாறியது. அக்கா மகள் என் எதிரிலேயே போனைக் கேட்டாள். "இப்போதுதான் கிடங்கைக் கேட்டேன். நாமக்கல்லில் இல்லை. ஆத்தூரில் இருக்கிறது" என்றது. நம்பாமல் கிடங்குக்காரருக்குப் போன் போட்டாள். இருந்தது. தெரிந்தவர்கள் தமக்குள் வைத்துக்கொள்ளும் ஒரு வரி, தெரியாத ஒருவரை எவ்வளவு தூரம் அலைய வைக்கும் என்பதை நினைக்காமல் இன்றுவரை நான் யாருக்கும் ஒரு துண்டுக் குறிப்புகூட எழுதுவதில்லை. விளக்கத்தை மாற்ற ஒப்புதல் தந்த சங்கத்தின் பதில் கடிதம் என் கைக்கு வந்தது ஆடிப்பெருக்கு அன்று, அவள் புதுக் குஞ்சு இறக்குவதற்கு முந்தின நாள்.